2857

அந்த பஸ்ஸின் ஜாதகம் அதன் பெயரிலேயே இருந்தது: டி.டி.எச். 3610. முதல் எழுத்து, இது ஊருக்குள் ஓடும் வண்டி என்றது. இரண்டாவது டீசல். மூன்றாவது, டிரைவர் மாற்றி மாற்றிக் கியர் போட்டுக் கை சலிக்க வேண்டாத ஹைட்ராலிக் கியர்பாக்ஸ். 36 என்பது சீட்டுகள். கடைசியில் நிற்கும் 10, மாடலின் வரிசை. 1948 மார்ச்சில், மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. அந்தக் கால ஜி.எம். பஸ்களுக்கெல்லாம் உரிய உருண்டை முகம், உப்பின கன்னம். இவ்வளவு விவரம் சொன்ன பெயர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை: 36 சீட்டில் எதில் யார் உட்காரலாம் என்பதை. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

வாங்கியது, சிகாகோவில் தலைமையகம் வைத்திருந்த நேஷனல் சிட்டி லைன்ஸ். வாங்கியது என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கம்பெனியில் ஜெனரல் மோட்டார்ஸ் பணம் போட்டிருந்தது. டயர் விற்கிற ஃபயர்ஸ்டோனும், எண்ணெய் விற்கிற ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் கலிஃபோர்னியாவும் போட்டிருந்தன. ஊர் ஊராக டிராம் கம்பெனிகளை வளைத்துப்போட்டு பஸ் விடுவது. பஸ்ஸையும் டயரையும் எண்ணெயையும் பணம் போட்டவர்களிடமே வாங்குவது. இதுதான் ஏற்பாடு. 1949-இல் சிகாகோவில் ஜூரி இதைச் சதி என்று சொன்னது. கம்பெனி ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் அபராதம்; அதிகாரிகளுக்குத் தலைக்கு 1 டாலர். அச்சுப்பிழை இல்லை, ஒரு டாலர்தான். ஆறு ஆண்டு கழித்து, இதே கம்பெனியின் பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்திருக்க மறுத்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு விதித்த அபராதம் 10 டாலர். கோர்ட் செலவு 4 டாலர் தனி.

முதல் ஆறு வருஷம் அது இண்டியானா மாநிலத்தில் டெரா ஹோட் என்ற ஊரில் ஓடியது. அங்கே அது என்ன செய்தது என்று எழுத ஒன்றுமில்லை. ஆட்களை ஏற்றியது, இறக்கியது. ஊரைப் பற்றித்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் பிறந்த மண் அது. 1894-இல், புல்மன் கம்பெனியின் பெட்டி கோத்த ரயிலைத் தொடமாட்டோம் என்று நாட்டின் பெரும்பகுதியில் ரயில்களை நிறுத்திக் காட்டியது அவர் சங்கம். அந்தச் சங்கமே, கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்ப்பதில்லை என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்திருந்தது. டெப்ஸ் வேண்டாம் என்று வாதாடியும் எடுபடவில்லை. புல்மன் தூங்கும் பெட்டிகளில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த கறுப்பின ஊழியர்கள் பிற்பாடு தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் மான்ட்கோமரி நகர ஆள் ஈ.டி. நிக்சன். நம் பஸ்ஸிலிருந்து கைதாகிப்போன பெண்ணை ஜாமீனில் எடுக்க அன்றிரவு முதலில் கிளம்பியவர் அவர். டெரா ஹோட்டிலிருந்து வந்த பஸ், அந்த ஊர்க்காரர் பாதியில் விட்ட கணக்கை நிக்சன் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது போல ஆயிற்று. இது தற்செயல்தான். ஆனாலும் நான் இதை விட்டுவிட மனமில்லாமல் எழுதுகிறேன்.

1954-இல் பஸ் தெற்கே, அலபாமா மாநிலத்துத் தலைநகர் மான்ட்கோமரிக்குப் போனது. அங்கே நேஷனல் சிட்டி லைன்ஸின் கிளைக் கம்பெனி, மான்ட்கோமரி சிட்டி லைன்ஸ். பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட். 2857 என்ற நம்பர். இங்கேதான் அந்த 36 சீட்டுக்கும் சாதி வந்தது. முன்னால் 10 வெள்ளையருக்கு. பின்னால் 10 கறுப்பருக்கு. நடுவில் இருக்கும் 16, டிரைவர் பார்த்துச் சொல்வதற்கு ஏற்ப. முன் 10 காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் அதில் உட்காரக்கூடாது, நிற்க வேண்டும். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார வேண்டி வந்தால், அந்த வரிசையே காலியாக வேண்டும். ஒரே வரிசையில் இருவரும் இருக்கலாகாது, நடுவே நடைபாதை இருந்தாலும்.

நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் 10 சென்ட் போட வேண்டும். ஆகவே கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கி, மழையானாலும் வெயிலானாலும் வண்டிக்கு வெளியே நடந்து பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் சில டிரைவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள். காசு பெட்டியில், ஆள் ரோட்டில். 1943-இல் ரோசா பார்க்ஸ் முன்வாசல் வழியாகவே உள்ளே போகப் பார்த்தபோது இறங்கிப் பின்னால் ஏறச் சொன்னவர் ஜேம்ஸ் பிளேக் என்ற டிரைவர். பார்க்ஸ் இறங்கியதும் பிளேக் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆள் ஓட்டும் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று பார்க்ஸ் 12 வருஷம் தவிர்த்துவந்தார். டிரைவர் என்றால் வெறும் டிரைவர் அல்ல. வண்டி ஓட்டும் நேரத்தில் இந்தச் சட்டத்தை அமல்படுத்த அவருக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு என்று நகராட்சி விதி எழுதிவைத்திருந்தது.

இந்த விதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1900-இல் டிராம் வண்டிகளில் இனம் பிரித்து உட்காரவைக்கச் சட்டம் வந்ததும் மான்ட்கோமரியின் கறுப்பர்கள் டிராமில் ஏறாமல் நடந்திருக்கிறார்கள். ஊர் மறந்துபோன நடை அது. 1954 மே 21, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நான்கே நாள் ஆகியிருந்தது. அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் மேயர் கேய்லுக்குக் கடிதம் எழுதினார். பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவி அவர். உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு நாங்கள். நாங்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது என்பது கடிதத்தின் சாரம். மரியாதையான கடிதம். எச்சரிக்கை என்று மேயருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை, மாலை. ரோசா பார்க்ஸுக்கு 42 வயது. மான்ட்கோமரி ஃபேர் என்ற பெரிய துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் தையல் வேலை. அன்றைக்கு அவர் டிரைவர் முகத்தைப் பார்க்காமல் கிளீவ்லண்ட் அவென்யூ பஸ்ஸில் ஏறிவிட்டார். பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டார் என்று பின்னால் அவரே எழுதினார். வெள்ளையர் சீட்டுகளுக்கு அடுத்த வரிசை. அதில் நான்கு கறுப்பர்கள். எம்பயர் தியேட்டர் ஸ்டாப்பில் முன்பகுதி நிரம்பி ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றார். ஒருவருக்காக நான்கு பேரும் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் பக்கத்தில் இருந்தவருக்கு வழிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பிளேக் போலீஸைக் கூப்பிட்டார்.

கால் வலியால் எழவில்லை என்று ஒரு கதை உண்டு. பள்ளிப் பாடம் வரைக்கும் போன கதை. பார்க்ஸ் அதை மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் அந்த ஊர்க் கிளைச் செயலாளர், அந்தக் கோடையில்தான் டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் ஹைலேண்டர் பள்ளிக்குப் போய்வந்திருந்தார். மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில், தளத்துக்குள் ஓடிய வண்டியில் எல்லோரும் கலந்து உட்காரலாம். வாசலைத் தாண்டி ஊர் பஸ்ஸில் ஏறினால் பின்னால் போக வேண்டும். ஒரே நாளில், ஒரே சம்பளக்காரிக்கு இரண்டு நாடு. இதையெல்லாம் கால்வலி என்று சுருக்கிவிட்டால் அவர் ஓய்ந்துபோன அத்தையாகிவிடுகிறார், கதை சொல்கிறவர்களுக்கும் வசதி. அவருக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2-ஆம் தேதி, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி இன்னொரு பஸ்ஸில் இதையே செய்து கைதாகியிருந்தார். அவரை முன்னிறுத்தலாமா என்று யோசித்த பெரியவர்கள் வேண்டாம் என்று விட்டார்கள்.

பஸ்ஸைப் பொறுத்தவரை அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பிளேக் புகார் கொடுத்தார். வண்டி தன் வழியே போனது. அதன் உண்மையான பெருமை அடுத்த திங்கள்கிழமை தொடங்குகிறது, அதில் யாரும் ஏறாத நாளில். ராபின்சனும் துணைக்கு வந்தவர்களும் வியாழன் ராத்திரியே கல்லூரியின் மிமியோகிராஃப் மெஷினில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை சுற்றி எடுத்திருந்தார்கள். டிசம்பர் 5 காலையில் பஸ்கள் வெறுமையாகப் போயின. ஏறுகிறவர்களை ரவுடிகள் மிரட்டுகிறார்கள் என்று நினைத்துப் போலீஸ் மோட்டார் சைக்கிளில் பஸ்களைப் பின்தொடர்ந்தது. மிரட்ட ஆள் இல்லை. மோட்டார் சைக்கிளைப் பார்த்து மிரண்டு ஏறாதவர்கள்தான் சிலர் இருந்திருப்பார்கள். அன்று மாலை ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூட்டம் தெருவரை வழிந்தது. ஊருக்குப் புதிதாக வந்த, 26 வயதுப் பாதிரியார் ஒருவரைத் தலைவராக்கியிருந்தார்கள்: மார்ட்டின் லூதர் கிங். ஒரு நாள் என்று ஆரம்பித்தது 381 நாள் ஆயிற்று.

அவர்கள் முதலில் கேட்டது எவ்வளவு கொஞ்சம் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மரியாதையாக நடத்துங்கள், கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வருகிற வரிசையில் உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள், கறுப்பர் அதிகம் போகும் ரூட்டில் கறுப்பின டிரைவர்களை வையுங்கள். பிரிவினையே கூடாது என்று கேட்கவில்லை. நகராட்சி இதைக் கொடுத்திருந்தால் 2857 இந்நேரம் எந்தக் காயலான் கடையிலோ கிலோ கணக்கில் போயிருக்கும். கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதம்தான் கேட்டவர்களை மேலே மேலே கேட்கவைத்தது.

கறுப்பின டாக்ஸிக்காரர்கள் முதலில் பஸ் காசான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கக்கூடாது என்ற பழைய விதியைப் போலீஸ் தூசி தட்டி எடுத்தது. பிறகு சொந்தக் கார்கள்: முந்நூறு கார்வரை, ஸ்டாப், நேரம், ஆளனுப்பும் அலுவலகம் எல்லாம் வைத்து, பஸ் கம்பெனியைவிட ஒழுங்காக ஒரு பஸ் கம்பெனி. தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வாகன்கள் வாங்கிப் பக்கவாட்டில் தேவாலயப் பெயரையே எழுதிவைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசியை ரத்துசெய்தன. சுற்றி வளைத்து லண்டன் லாயிட்ஸில் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். மேயர் கோபித்தது இன்னொரு கூட்டத்தின்மேல். வீட்டு வேலைக்கு ஆள் வரவேண்டுமே என்று வெள்ளைக்கார எஜமானிகள் தாங்களே காரில் போய் வேலைக்காரப் பெண்ணை அழைத்துவந்தார்கள். ஊரின் அடுப்பங்கரை எல்லாம் பஸ்ஸின் பின் 10 சீட்டை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

பெட்ரோலுக்குப் பணம்? இந்த இடத்தில் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். சமையல்காரர். வெள்ளையர் சாப்பிடும் கடை ஒன்றில் வேலை. 1956 மார்ச்சில் கிங்மேல் வழக்கு நடந்தபோது, காசை வாங்கிக்கொண்டு தன்னை ரோட்டில் விட்டுப்போன டிரைவரைப் பற்றிக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். வேலை போயிற்று. வீட்டு அடுக்களையிலேயே சமைக்க ஆரம்பித்தார். அதற்கு முன்பே கோழி வறுவல், சாண்ட்விச், பை, கேக் செய்து விற்றுப் போராட்டத்துக்குக் கொடுக்கும் பெண்கள் குழு ஒன்றை அவர் நடத்திக்கொண்டிருந்தார். குழுவின் பெயர் "எங்கிருந்தும் வராதவர்கள் மன்றம்" என்ற பொருளில். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பொய் சொல்லாமலே சொல்லலாம். வாங்கித் தின்றவர்களில் வெள்ளையரும் உண்டு. அவர்கள் காசும் அந்தப் பெட்ரோலில் எரிந்தது.

கம்பெனியின் மூச்சு சீக்கிரமே வாங்கத் தொடங்கியது. ரூட்டுகளைக் குறைத்தது, ஆட்களை நிறுத்தியது. 1956 ஏப்ரலில், இனிமேல் எங்கள் டிரைவர்கள் இனம் பார்க்கமாட்டார்கள் என்றே அறிவித்துவிட்டது. நகராட்சி கோர்ட்டுக்குப் போய், பார்த்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வாங்கியது. முதலாளிக்குக் காசு போதும். ஊருக்குத்தான் சீட்டு வேண்டியிருந்தது. கிங் வீட்டில் குண்டு, நிக்சன் வீட்டில் குண்டு. 1921-ஆம் வருஷத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தலைவர்களை மொத்தமாகக் கைதுசெய்தார்கள். கிங்குக்கு 500 டாலர் அபராதம்.

வழக்கை வென்றது ரோசா பார்க்ஸ் அல்ல. அவர் வழக்கு மாநில நீதிமன்றங்களில் சிக்கிக்கொள்ளும் என்று வக்கீல் ஃப்ரெட் கிரே தனியாக ஒரு கூட்டாட்சி வழக்கு போட்டார். ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், பெரியவர்கள் வேண்டாம் என்று விட்ட கிளாடெட் கோல்வின்: நான்கு பெண்கள் எதிர் மேயர் கேய்ல். அந்த வழக்குக் கோப்பில் பார்க்ஸ் அமர்ந்த இடத்தைக் குறித்துக்காட்டும் ஒரு வரைபடம் இருக்கிறது. கோர்ட்டுக்கு நம் பஸ் போனது கட்டம் கட்டமான அந்தக் காகிதமாகத்தான். 1956 ஜூன் 5-இல் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு. நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே நவம்பர் 13-இல் மான்ட்கோமரி நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. வென்ற பிறகும் ஐந்து வாரம், உத்தரவு கைக்கு வரும்வரை, நடந்தார்கள்.

டிசம்பர் 21-இல் பத்திரிகைக்காரர்கள் பார்க்ஸை ஒரு பஸ்ஸில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்திருக்க, பின் சீட்டில் கடுகடுவென்று ஒரு வெள்ளைக்காரர். உலகம் அறிந்த படம். அந்த வெள்ளைக்காரர் யுனைடெட் பிரஸ்ஸின் நிருபர், படத்துக்காக அமர்ந்தவர். ஒரு வாரத்தில் பஸ்களைச் சுட ஆரம்பித்தார்கள். ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணியின் கால்களில் குண்டு பாய்ந்தது. மாலைக்குப் பிறகு பஸ் விடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

இனி பஸ் ஒரு பக்கம், பார்க்ஸ் ஒரு பக்கம்.

பஸ் மான்ட்கோமரியிலேயே கிடந்தது. இன்னும் 15 வருஷத்துக்குக் குறையாமல் அதே தெருக்களில் ஓடியது. யார் எங்கே உட்கார்ந்தாலும் அதே 36 சீட்டு. பார்க்ஸுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. 1956 ஜனவரியிலேயே துணிக்கடை நீக்கிவிட்டது. கணவர் ரேமண்டும் முடிவெட்டும் வேலையை விட்டிருந்தார். தொலைபேசியில் கொலை மிரட்டல். 1957-இல் குடும்பம் டெட்ராய்ட்டுக்குப் போனது. பஸ் பிறந்த பாண்டியாக் அங்கிருந்து 40 கிலோமீட்டர். பஸ் அவர் ஊரில், அவர் பஸ்ஸின் ஊரில். அங்கும் மறுபடி தையல்தான், 1965-இல் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளும்வரை.

வடக்கு என்றால் விமோசனம் என்று நம்பித்தான் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். வடக்கில் பஸ்ஸுக்குள் கோடு இல்லை. கோடு வீட்டுமனைகளில் இருந்தது. எந்தத் தெருவில் யாருக்கு வீடு விற்பது, யாருக்கு பாங்க் கடன் கொடுப்பது என்பதில் இருந்தது. தெருவைப் பொறுத்துப் பள்ளி. தெற்கில் நகராட்சி விதியாக அச்சடித்து வைத்ததால் அதைக் கோர்ட்டில் நீட்டி அடிக்க முடிந்தது. இங்கே நீட்டுவதற்குக் காகிதம் கிடைப்பது கஷ்டம். 1967-இல் டெட்ராய்ட் எரிந்தபோது முதல் தீ பார்க்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில், 12-ஆம் தெருவில் கிளம்பியது. அந்தத் தெருவுக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள்.

பாண்டியாக்கில் நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்துவந்தது. அந்த ஊர்ப் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பது தற்செயல் அல்ல, நிர்வாகம் செய்த வேலை என்று 1970-இல் நீதிபதி டேமன் கீத் தீர்ப்பளித்தார். அவரும் கறுப்பினத்தவர், டெட்ராய்ட்காரர். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஊரின் எல்லாப் பள்ளிகளுக்கும் கலந்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. 1971 ஆகஸ்ட் 30 இரவு, பள்ளி திறக்கச் சில நாளே இருக்கையில், ஷெட்டில் நின்றிருந்த பள்ளி பஸ்கள் டைனமைட்டில் வெடித்தன. பத்து பஸ். வைத்தவர்கள் கு கிளக்ஸ் கிளான். மிச்சிகன் கிளானின் முன்னாள் தலைவர் உட்படச் சிலர் சிறைக்குப் போனார்கள். அலபாமாவில் நடந்திருந்தால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். 2857-ஐ வார்த்தெடுத்த ஊரில் நடந்ததால் உள்ளூர்ச் சங்கதியாகிவிட்டது. 1974-இல், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள வெள்ளையர் புறநகர்களையும் சேர்த்துப் பள்ளி பஸ் விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்காகத் தீர்ப்புச் சொன்னது. பஸ் நகர எல்லையில் நின்றுவிட வேண்டும்.

பாண்டியாக்கில் பஸ்கள் வெடித்த அதே காலத்தில் மான்ட்கோமரி 2857-ஐ ஓய்வுக்கு அனுப்பியது. (டிரைவர் பிளேக் 1974வரை வேலையில் இருந்தார். வண்டியைவிட ஆள் கெட்டி.) ஊருக்கு வெளியே ஒருவர் அதை வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, வயலில் நிறுத்தி மரச்சட்டமும் வேலைச் சாமானும் போட்டுவைக்கும் கொட்டகையாக்கிக்கொண்டார். விற்கும்போதே, இதுதான் அந்த பஸ் என்று கம்பெனி ஆள் சொல்லியிருக்கிறார். வாங்கியவர் வீட்டாருக்குத் தெரியும். மற்றவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. முப்பது வருஷம் அலபாமா மழையும் வெயிலும். கண்ணாடிகள் உடைந்தன, சீட்டுகள் போயின, தகரம் துருவேறியது.

நம்பவைத்தது ஒரு ஒட்டுப் புத்தகம். மான்ட்கோமரி பஸ் நிலையத்தில் மேலாளராக இருந்த ஒருவர், போராட்ட நாட்களின் செய்தித்தாள் துணுக்குகளை வெட்டி ஒட்டி வந்திருக்கிறார். பார்க்ஸ் கைதான செய்திக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் டிரைவர் பெயரும் பஸ் நம்பரும்: பிளேக், 2857. என்ன நினைத்து எழுதினாரோ. கணக்குப்பிள்ளை புத்தியாக இருக்கலாம். பழுதுபட்ட வண்டியின் நம்பரைக் குறிப்பது போல. கையெழுத்து நிபுணர் சோதித்து, தாளும் எழுத்தும் காலத்துக்குப் பொருந்துகின்றன என்றார். 2001 அக்டோபரில் இணைய ஏலம். 50,000 டாலரில் ஆரம்பம். ஸ்மித்சோனியன் கேட்டது, டென்வர் நகரம் கேட்டது. நள்ளிரவு தாண்டியபின் 4,92,000 டாலருக்கு ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் எடுத்தது. மான்ட்கோமரிக்கு மிஞ்சியது மாதிரி பஸ்: எம்பயர் தியேட்டர் இருந்த இடத்தில் 2000-இல் திறந்த ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் அக்கால பஸ் ஒன்றின் மாதிரியை வைத்துத்தான் கதை காட்டுகிறார்கள்.

பழுது பார்க்க மிச்சிகனுக்கே கொண்டுபோனார்கள்; பாண்டியாக்கை ஒட்டிய ஆபர்ன் ஹில்ஸில் ஒரு பட்டறை. அங்கே நல்ல ஒரு தர்க்கம் எழுந்தது: எந்த வயதுக்குத் திருப்புவது? 1948-இன் பளபளப்புக்கா? அப்படிச் செய்தால் அது கடையில் நின்ற பஸ், பார்க்ஸ் ஏறிய பஸ் அல்ல. 1955 டிசம்பரில் அதற்கு வயது ஏழு. ஆயிரமாயிரம் பேர் உட்கார்ந்து எழுந்த தேய்மானம் இருந்திருக்கும். துருவை எடுத்து, புதுப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட்டின் மேல் ஏழு வருஷப் பழசை மறுபடி ஏற்றினார்கள். 2003 பிப்ரவரி 1 முதல் டியர்பார்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பார்வையாளர்கள் ஏறலாம், உட்காரலாம். 2012 ஏப்ரலில் பராக் ஒபாமா உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்த படம் இருக்கிறது. பார்க்ஸ் 2005 அக்டோபர் 24-இல் டெட்ராய்ட்டில் காலமானார். டெட்ராய்ட், மான்ட்கோமரி இரு ஊர்களிலும் நகர பஸ்களின் முன்சீட்டுகளில் கறுப்பு ரிப்பன் கட்டி யாரும் உட்காராமல் விட்டார்கள்.

டியர்பார்ன் என்று எழுதிவிட்டு அப்படியே போய்விட முடியாது. ஹென்றி ஃபோர்டின் பெரும் ரூஜ் தொழிற்சாலை அந்த ஊரில்தான். ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் அங்கே வேலை செய்தார்கள். பகலில் மட்டும். சங்கு ஊதியதும் டெட்ராய்ட்டுக்கோ இங்க்ஸ்டருக்கோ திரும்ப வேண்டும். டியர்பார்னில் அவர்களுக்கு வீடு கிடையாது. 1942 முதல் 1978வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்ட் அதைத் தன் சாதனையாகவே சொல்லிக்கொண்டார். நகரத்தைச் சுத்தமாக வைப்போம் என்பது அவர் கோஷம். எந்தச் சுத்தம் என்று யாரும் கேட்கவில்லை. 1956-இல், 2857 வெறுமையாக ஓடிக்கொண்டிருந்த வருஷத்தில், மான்ட்கோமரிப் பத்திரிகை ஒன்றுக்கே அவர் பேட்டி கொடுத்தார். முழுப் பிரிவினைக்குத்தான் தன் ஆதரவு என்று வடக்கிலிருந்து தெற்குக்குத் தைரியம் சொன்னார்.

அந்த மேயருக்கு 1989-இல் நகர மண்டபத்தின் முன் வெண்கலச் சிலை வைத்தார்கள். கையை உயர்த்தி எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் சிலை. பஸ் வந்து சேர்ந்தபோது அது அங்கேதான் நின்றது. 2015 செப்டம்பரில் அங்கிருந்து எடுக்கும்வரை 12 வருஷத்துக்கு மேல், சில கிலோமீட்டர் தூரத்தில், பஸ்ஸும் சிலையும் ஒரே ஊரில் இருந்தன.